காடு பார்க்கப் போனாலும், போர் போடப் போனாலும்: மலேரியா பற்றி ஒரு பாடம்



இந்த மாதம் நாம் சேர்ந்து படிக்கப்போவது மலேரியா பற்றி. "நம்ம ஊர்ல இப்ப மலேரியா ஏதுங்க?" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும். நம் ஊரில் குறைவுதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற ஊர்களில் குறைவு இல்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

கடன் மனுவில் இல்லாத செலவு

சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டு மனு கொடுத்தார். அவருடைய மகன் போர் வண்டியில் வேலைக்காக ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டுக்குப் போகிறான். திருச்செங்கோடு பக்கத்து ரிக் வண்டிகள் ஒடிசா, சத்தீஸ்கர் என்று வட மாநிலங்களுக்குப் போவதும், கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. மனுவில் பெட்டி, துணிமணி, செருப்பு, கைச்செலவு, ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த இன்னொரு உறுப்பினர் எழுந்தார். "ஏனுங்க அக்கா, கொசுவலை எழுதலீங்களா? மாத்திரை எழுதலீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய கணவரும் அதே வேலைக்குப் போய் வந்தவர். ஊர் திரும்பிய பன்னிரண்டாவது நாள் குளிரும் காய்ச்சலும் வந்தது. பக்கத்தில் காட்டினார்கள். காய்ச்சல் மாத்திரை, ஊசி, குளுக்கோஸ் என்று நான்கு நாள் போனது. "எந்த ஊர் போயிட்டு வந்தீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. இவர்களுக்கும் அதைச் சொல்லணும் என்று தோன்றவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீர் கறுப்பாகப் போனது. ஆள் உளற ஆரம்பித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருப்பது தெரிந்தது. பதினோரு நாள் தீவிர சிகிச்சை. உயிர் பிழைத்தார். ஆனால் நகை எல்லாம் அடகுக்குப் போனது, குழுக் கடன் இன்னும் கட்டி முடியவில்லை.

"முதல் நாளே ஒரு சொட்டு இரத்தம் பார்த்திருந்தா இத்தனையும் இல்லீங்க" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

சஃபாரி போகிறவர் என்ன செய்கிறார்?

கென்யாவில் மசாய் மாரா, தான்சானியாவில் செரங்கெட்டி, தென் ஆப்பிரிக்காவில் குரூகர் என்று பெரிய பெரிய காடுகள் உண்டு. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் திறந்த வெளியில் திரியும். இவற்றை ஜீப்பில் போய்ப் பார்ப்பதைத்தான் சஃபாரி என்கிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் பணக்காரர்கள் விடுமுறைக்கு அங்கே போகிறார்கள். நம் ஊர்ப் பக்கமிருந்தும் இப்போது சிலர் போகிறார்கள்.

அப்படிப் போகிற ஒருவர் முதலில் டாக்டரைப் பார்க்கிறார். மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரையை ஊரிலேயே ஆரம்பிக்கிறார். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு எடுத்துக்கொள்கிறார். வலைக்குள் தூங்குகிறார். திரும்பி வந்த பிறகும் மாத்திரையை நிறுத்துவதில்லை. இத்தனையும் ஒரு வாரச் சுற்றுலாவுக்கு!

நம் பிள்ளை அதே நாட்டுக்குப் போகிறான். ஒரு வாரம் இல்லை, ஒரு வருஷம், இரண்டு வருஷம். போர் போடும் வேலை இரவிலும் நடக்கும். வெட்டவெளியில், வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவான். அவன் கையில் ஒன்றும் இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசும் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' என்றால் பயணம் என்றுதான் பொருள். அப்படிப் பார்த்தால் நம் பிள்ளை போவதும் சஃபாரிதான். சுற்றுலாக்காரருக்கு உள்ள பாதுகாப்பு உழைக்கப் போகிறவனுக்கும் வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

மலேரியா எப்படி வருகிறது?

மலேரியாவுக்குக் காரணம் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிக் கிருமி. நோயுள்ளவரைக் கடித்த பெண் அனாபிலிஸ் கொசு, சில நாள் கழித்து இன்னொருவரைக் கடிக்கும்போது கிருமியை அவர் உடம்பில் விடுகிறது. கொசுவின் உடலில் இந்தக் கிருமி இருப்பதை 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். ஆக, காற்றாலோ தண்ணீர் குடிப்பதாலோ வராது. மந்திரித்தாலும் போகாது.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். மலேரியா கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். இதை நன்றாக மனதில் வையுங்கள். காப்பு வேண்டிய நேரம் இரவு.

கிருமியில் பல வகை உண்டு. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு.

1. பால்சிபாரம்: ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இதுதான். உயிரைக் கொல்லும் வகை. மூளை, சிறுநீரகம், நுரையீரல் எல்லாவற்றையும் தாக்கும். ஒன்றிரண்டு நாள் தாமதம்கூட ஆபத்து.

2. வைவாக்ஸ்: இது கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். காய்ச்சல் தீர்ந்து பல மாதம் கழித்தும் மறுபடி வரும்.

2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 26 கோடி பேருக்கு மலேரியா வந்ததாகவும், 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இறந்தவர்களில் 100-க்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

"அங்க இருக்கிறவங்க மாத்திரை போடாமத்தானே இருக்காங்க?" என்று சிலர் கேட்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்து, சிறு வயதிலிருந்து பல முறை மலேரியா வந்து பிழைத்தவர்களுக்கு உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். நம் பிள்ளைக்கு அது கிடையாது. முதல் தடவை வரும்போதே கடுமையாக அடிக்கும்.

எல்லா இடமும் ஒன்றா?

இல்லை. கென்யாவின் தலைநகர் நைரோபி நம் ஏற்காட்டை விட உயரமான இடம். குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே மலேரியா குறைவு. ஆனால் மொம்பாசா கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அதிகம். குரூகர் காட்டுப் பக்கம் செப்டம்பரிலிருந்து மே வரையில் மழையும் வெயிலும் உள்ள மாதங்களில் ஆபத்து அதிகம். "நைரோபிக்குத்தான் போறான்" என்று சொல்லிவிட்டு, வேலை ஏரிக்கரையில் இருந்தால்? ஆகவே எந்த ஊரில் தங்குவான், எந்த ஊரில் வேலை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.

நம் நாட்டுக்குள்ளும் ஒடிசாவின் கோராபுட், மல்கான்கிரி, சத்தீஸ்கரின் பஸ்தர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதிகள், திரிபுரா, மிசோரம் ஆகிய இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

போகும் முன், போன பின், வந்த பின்

அ) போகும் முன்

தடுப்பு மாத்திரை. இது டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. பொதுவாக 6 வாரத்துக்குள் திரும்பிவிடுகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை தருகிறார்கள். போவதற்கு 2 நாள் முன்பே ஆரம்பித்து, அங்கே இருக்கும்வரை தினமும் சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்துபோகும், அதனால் தலைக்கும் கைக்கும் துணி வேண்டும். கர்ப்பிணிகளும் 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் இதைச் சாப்பிடக் கூடாது.

அதிக நாள் தங்குகிறவர்களுக்கு வாரம் ஒரு முறை சாப்பிடும் மெஃப்ளோகுயின் மாத்திரை உண்டு. போவதற்கு 2 வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். வலிப்பு நோயோ மனநலப் பிரச்சினையோ எப்போதாவது இருந்திருந்தால் இதை எடுக்கக் கூடாது. மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் தங்குகிறவர் எவ்வளவு காலம் மாத்திரை எடுப்பது என்பதையும் டாக்டரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் முன்பு மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் மாத்திரை பழக்கமான பெயர். அதை வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஆப்பிரிக்காவில் உள்ள பால்சிபாரம் கிருமி பெரும்பாலும் அதற்குக் கட்டுப்படாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் அட்டை வாங்குகிறார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். இது அவசியமான ஊசிதான். ஆனால் மஞ்சள் காய்ச்சல் வேறு, மலேரியா வேறு. "அதான் ஊசி போட்டாச்சே" என்று இருந்துவிடக் கூடாது. மலேரியாவுக்கு இப்போது வந்துள்ள தடுப்பூசிகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகப் போடப்படுபவை. பயணிகளுக்கு அல்ல.

கர்ப்பிணிப் பெண்கள் முடிந்தவரை மலேரியா உள்ள ஊருக்குப் பயணம் போகாமல் இருப்பதே நல்லது. தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து அதிகம்.

ஆ) போன பின்

மாத்திரை சாப்பிட்டாலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது.

1. மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூங்க வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும். கிழிசல் இருந்தால் ஊசி நூலால் உடனே தைக்க வேண்டும். இந்த வலையில் மருந்து சுமார் 3 வருஷம் வரை இருக்கும். அடிக்கடி துவைத்தால் சீக்கிரம் போய்விடும். வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

2. பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேண்ட், காலுறை. வெளிர் நிறம் நல்லது.

3. துணி மூடாத இடத்தில் கொசு விரட்டிக் களிம்பு. இரவு வேலை என்றால் வியர்வையில் கரைந்துபோகும், மறுபடி தடவ வேண்டும்.

4. காய்ச்சல் வந்தால் அந்த ஊரிலேயே, அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. "லீவு தரமாட்டாங்க" என்று தள்ளிப்போடக் கூடாது.

வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கென்யா நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே மாலை 6.30. அங்கே கொசு கிளம்புகிற நேரம். அந்த நேரத்தில் போன் பண்ணுங்கள். "சாப்டியா கண்ணு" என்று கேட்பதோடு "சட்டை மாத்திட்டியா, மாத்திரை போட்டியா, வலை கட்டிட்டியா" என்றும் கேளுங்கள். அம்மா கேட்டால் பிள்ளை செய்வான்.

இ) வந்த பின்

இதுதான் நம் கையில் உள்ள பெரிய வேலை. பால்சிபாரம் மலேரியா கடித்த அன்றே வராது. குறைந்தது 7 நாள் ஆகும். பெரும்பாலும் ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் வரும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். வைவாக்ஸ் ஒரு வருஷம் கழித்தும் வரலாம். அதாவது மாலை போட்டு வரவேற்று, கறிச்சோறு போட்டு, எல்லாம் மறந்த பிறகுதான் காய்ச்சல் வரும்.

ஆகவே அவர் வீடு வந்து சேர்ந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மூன்று மாதம் தள்ளி இன்னொரு வட்டம் போடுங்கள். இந்த இரண்டு வட்டத்துக்கும் நடுவில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அது மலேரியாவாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் வரையிலும் காய்ச்சல் வந்தால் பயண விவரத்தைச் சொல்ல வேண்டும்.

அறிகுறிகள்: குளிர் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, தலைவலி, உடம்பு வலி, வாந்தி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. "முறைக்காய்ச்சல்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், இது தினமும் வருதே" என்று நினைத்து ஏமாறாதீர்கள். பால்சிபாரத்துக்கு அந்த முறை கிடையாது.

உளறல், மயக்கம், வலிப்பு, மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காத்திருக்கக் கூடாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

நோயாளி சோர்ந்து கிடப்பார், அவர் சொல்லமாட்டார். கூடப் போகும் நாம்தான் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

"இவர் மலேரியா இருக்கிற ஊருக்குப் போயிட்டு இந்தத் தேதியில வந்தார். மலேரியாவுக்கு இரத்தம் பாருங்க."

டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் கேட்கவில்லை என்றால் நாம் சொல்லலாம். தப்பு ஒன்றும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அட்டையில் பார்த்தால் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பிலும் பார்ப்பார்கள். ஒரு முறை இல்லை என்று வந்து, காய்ச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் மாத்திரை சூட்டை இறக்கும். கிருமியைக் கொல்லாது. சூடு இறங்கியதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைத்ததால்தான் அந்தச் சகோதரியின் வீட்டில் நான்கு நாள் வீணானது.

மலேரியா என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். நேரத்தோடு கண்டுபிடித்தால் முழுவதும் குணமாகும். கொடுத்த மாத்திரையை நாள் தவறாமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வைவாக்ஸ் வகைக்குக் கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தருவார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடும். நின்றதும் மாத்திரையை மாடத்தில் வைத்துவிடாதீர்கள்.

ஊருக்கும் நமக்கும்

ஒருவர் கிருமியோடு வந்தால் நம் ஊர் அனாபிலிஸ் கொசு அவரைக் கடித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்கலாம். இந்தக் கொசு நல்ல தண்ணீரில், மூடாத மேல்நிலைத் தொட்டியில், கிணற்றில் முட்டையிடும். பக்கத்து நாடான இலங்கை 2012-க்குப் பிறகு உள்ளூரில் மலேரியா பரவாமல் தடுத்து, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. இப்போது அவர்கள் கவனமெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மேல்தான். நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும். வந்தவரை ஒதுக்கக் கூடாது, பரிசோதிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் தொட்டியைக் கழுவி மூட வேண்டும். வெளியிலிருந்து யார் வந்தாலும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் என்ன முடிவாயிற்று?

கடன் மனு திருத்தப்பட்டது. பெட்டியின் விலையைக் குறைத்து, கொசுவலை, களிம்பு, டாக்டர் செலவு, மாத்திரை நான்கும் சேர்க்கப்பட்டன. "மலேரியா உள்ள ஊருக்கு வேலைக்குப் போக யார் கடன் கேட்டாலும் இந்த நான்கும் மனுவில் இருக்க வேண்டும்" என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மகன் கிளம்பிப் போய்விட்டான். அம்மா இரவு 9 மணிக்குப் போன் பண்ணுகிறார். "தெனமும் கேக்கறேன்னு சலிச்சுக்கறானுங்க, ஆனா போட்டுக்கறான்" என்று எங்களிடம் சொன்னார். அது போதும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் யார் வீட்டிலிருந்து யார் மலேரியா உள்ள ஊருக்குப் போயிருக்கிறார்கள்? பெயரும் ஊரும் எழுதுங்கள்.
2. கடந்த மூன்று மாதத்தில் திரும்பி வந்தவர் உண்டா? காலண்டரில் வட்டம் போட்டாயிற்றா?
3. டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒவ்வொருவரும் ஒரு முறை சத்தமாகச் சொல்லுங்கள்.
4. பயணக் கடன் மனுவில் கொசுவலையும் மாத்திரையும் சேர்க்க நம் குழு தீர்மானம் போடலாமா?

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இந்தப் பாடத்தை ஊக்குநர் வாசித்துக் காட்டவும். அடுத்த கூட்டத்தில் சந்திப்போம்.